பதில் சொல்லாத தூதரகமும் காத்திருக்க முடியாத நாமும்

(இளைஞர் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



போன மாதம் இதே கூடத்தில் பூனா ஒப்பந்தம் பற்றிப் பேசினோம். இந்த மாதம் விசாவா என்று வாசலில் ஒரு தோழர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்குப் பதில் இருக்கிறது, பேச்சின் ஊடே வரும்.

எங்கள் பகுதிப் படிப்பகத்தில் வாரம் இரண்டு மாலை உட்கார்ந்து, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் தாள்களைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். வெல்டர், ஃபிட்டர், டிரைவர், நர்ஸ் என்று வருவார்கள். இப்போது சாஃப்ட்வேர் பிள்ளைகளும் கொஞ்சம் வருகிறார்கள். அங்கே நான் அதிகம் கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே, எம்பசிலதான் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க." இன்றைக்கு அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தூதரகம் பதில் சொல்லாமல் ஆறு மாதம் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த ஆறு மாதத்தில் என்ன நடக்கிறது? ஒரு லட்சம் ரூபாயை மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 3,000 ரூபாய். ஆறு மாதத்தில் 18,000 ரூபாய் வட்டி மட்டும் போய்விட்டது, அசல் அப்படியே நிற்கிறது. வளைகுடாவுக்கு எடுத்த மெடிக்கல் குறிப்பிட்ட நாட்கள்தான் செல்லும். அது காலாவதியானால் மறுபடியும் ஊருக்கும் நகரத்துக்கும் பஸ் ஏறி, மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு, வேலை உத்தரவுக் கடிதத்துக்கும் ஆயுள் உண்டு. இங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலையை, போகப் போகிறோம் என்று விட்டிருப்பான். ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருப்பான். தெருவில் தலை காட்ட முடியாது. 'என்னப்பா இன்னும் போகலையா?'

இதே ஆறு மாதம் இன்னொரு வீட்டில் வேறு மாதிரி ஓடுகிறது. சொந்த வீடு, அப்பாவுக்கு பென்ஷன், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி வேலை. விசா வரும்போது வரட்டும் என்று அவன் அங்கேயே சம்பளம் வாங்கிக்கொண்டு இருக்கிறான். தூதரகம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வாயை மூடிக்கொண்டிருந்தது. அதிகாரி யாருடைய சாதியையும் பார்க்கவில்லை, அவருக்கு அது தெரியவும் தெரியாது. ஆனால் அந்த மௌனத்துக்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்பதை இங்கே யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்குக் கடன் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு தாமதத்தையும் தீண்டாமை என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். காத்திருக்கும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

சரி, முதல் கேள்வி. உன் கோப்பு உண்மையிலேயே தூதரகத்தில்தான் இருக்கிறதா?

ஐ.டி.ஐ. முடித்த ஒரு தம்பி வந்தான். வெல்டர் வேலை, வளைகுடா நாடு. ஏழு மாதமாக ஸ்டாம்பிங் பாக்கி, எம்பசி பதில் சொல்லவில்லை என்று ஏஜென்ட் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். மெடிக்கல் இரண்டு முறை எடுத்தாகிவிட்டது. விசா எண் என்னப்பா என்று கேட்டேன். தெரியவில்லை. கம்பெனி பெயர்? வாட்ஸப்பில் ஒரு படம் இருந்தது, அதில் முத்திரை மட்டும் பளபளவென்று இருந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் அந்தப் பெயரே இல்லை. ஏழு மாதமாக எந்தத் தூதரகத்திடமும் யாரும் ஒன்றும் கேட்கவே இல்லை. பாவம், தூதரகத்தைத் திட்டிக்கொண்டிருந்தான்.

எமிரேட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கான நுழைவு அனுமதியை முதலாளி அங்கேயே அந்த நாட்டு அலுவலகங்களில்தான் வாங்குகிறார். சான்றிதழ் அட்டெஸ்டேஷன் போன்றவை தவிர தூதரகத்துக்கு அதில் பெரிய வேலை இல்லை. அந்த நாட்டு வேலைக்கு 'எம்பசி பதில் சொல்லவில்லை' என்று ஒருவர் மாதக்கணக்கில் சொன்னால், அதிலேயே ஏதோ இடறுகிறது.

அதனால் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏஜென்ட் மேசையில் கிடக்கிறதா? வி.எஃப்.எஸ். போன்ற விண்ணப்ப மையத்தில் தாள் குறைவு என்று நிற்கிறதா? அந்த மையங்கள் தாளை வாங்கி அனுப்புகிற தனியார் நிறுவனங்கள், விசா தருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அவர்களிடம் போய் அழுது பயனில்லை. அல்லது அந்த நாட்டுக்குள்ளே இருக்கிற தொழிலாளர் அலுவலகத்தின் ஒப்புதலுக்காக நிற்கிறதா? இவை எதுவும் இல்லையென்றால்தான் அது தூதரகத்தில் இருக்கிறது. நாம் ஏதோ ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருப்போம், கோப்பு வேறு வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எம்பசி என்றால் இரண்டு வகை. இந்தியாவில் இருக்கிற வெளிநாட்டுத் தூதரகம், வெளிநாட்டில் இருக்கிற இந்தியத் தூதரகம். விசா கொடுப்பது முதல் வகை. ரியாத்தில் இருக்கிற இந்தியத் தூதரகத்துக்கு "எனக்கு சவூதி விசா கொடுங்கள்" என்று மின்னஞ்சல் போட்டுவிட்டு பதில் வரவில்லை என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

ஏஜென்ட் கதையை முடித்துவிடுகிறேன். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. விதி அப்படித்தான் சொல்கிறது. ரசீது தர வேண்டும். பாஸ்போர்ட் விசாவுக்காகப் போகலாம், பிணையாகப் போகக் கூடாது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17வது பிரிவின்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை அடகுச் சாமான் மாதிரி பீரோவில் பூட்டி வைக்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை. அந்தத் தம்பியின் பாஸ்போர்ட்டைக் காவல் நிலையத்தில் புகார் எழுதிய அன்றைக்கு மாலையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பணம் இன்னும் முழுதாக வரவில்லை.

இப்போது உண்மையிலேயே தூதரகத்தில் இருக்கிற கோப்புக்கு வருவோம்.

நமக்கு ஒரு போராட்டப் பழக்கம் இருக்கிறது. பட்டா வரவில்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு. சாதிச் சான்றிதழ் தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். அதற்கும் அசையவில்லையென்றால் தாலுகா அலுவலகத்தில் தர்ணா. தலைமுறை தலைமுறையாக அரசு அலுவலகத்தைப் பதில் சொல்ல வைக்க நாம் கற்றுக்கொண்ட வித்தைகள் இவை. வெளிநாட்டுத் தூதரகத்தின் முன்னால் இதில் ஒன்றும் வேலை செய்யாது. தகவல் உரிமைச் சட்டம் இந்திய அரசு அமைப்புகளுக்குத்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு விசா வாங்க முடியாது. வெளிநாட்டு அரசின் மீது வழக்குப் போட வேண்டுமென்றால் மத்திய அரசின் சம்மதம் வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86வது பிரிவு. 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் தூதரகங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. யாருக்கு விசா கொடுப்பது என்பது அந்தந்த நாட்டின் இறையாண்மை என்று சொல்லி நம் வெளியுறவு அமைச்சகமும் ஒதுங்கிக்கொள்ளும்.

மனு எழுதுகிற பழக்கமும் இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. கலெக்டருக்கு எழுதும்போது என்ன எழுதுவோம்? ஐயா, நான் ஏழை, அப்பா இல்லை, தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது. அங்கே வறுமைதான் நம் வாதம். அதே கடிதத்தை ஆங்கிலத்தில் மாற்றித் தூதரகத்துக்கு அனுப்பினால், படிக்கிற அதிகாரிக்கு இரக்கம் வராது, சந்தேகம்தான் வரும். இவ்வளவு கடன் உள்ளவன் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வருவானா என்று யோசிப்பார். எங்கள் படிப்பகத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: தூதரகக் கடிதத்தில் கண்ணீர் கூடாது. விண்ணப்ப எண், பாஸ்போர்ட் எண், விண்ணப்பித்த தேதி, அவர்களே அறிவித்திருக்கிற கால அளவு முடிந்துவிட்டது என்ற தகவல், பிறகு ஒரே ஒரு கேள்வி: ஏதாவது ஆவணம் தேவைப்படுகிறதா? ஐந்து வரி போதும். அடுத்த கடிதமும் அதே மின்னஞ்சல் தொடரில்தான் போக வேண்டும். தினம் ஒரு புது மின்னஞ்சல் அனுப்பினால் எது எதற்குச் சொந்தம் என்று அவர்களுக்கே தெரியாமல் போகும்.

இந்த இடத்தில் ஒரு தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நர்சிங் முடித்தவள், மொழித் தேர்வும் தேறிவிட்டாள், ஐரோப்பிய நாடு ஒன்றில் மருத்துவமனை வேலை உறுதி. நாட்டின் பெயர் வேண்டாம். ஐந்து மாதம் தூதரகத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவளோடு அதே வகுப்பில் படித்து, அதே மருத்துவமனைக்குத் தேர்வான இன்னொரு பெண் ஏழே வாரத்தில் விமானம் ஏறிவிட்டாள். லஞ்சமா என்று கேட்டாள் இவள். லஞ்சம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் மாமா அதே நாட்டில் பதினைந்து வருடமாக இருக்கிறார். போனில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். "நீ எம்பசிக்கு எழுதாதே, உன் முதலாளியை விட்டு அங்கே இருக்கிற அலுவலகத்துக்கு எழுதச் சொல்."

அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்காக யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. யாரும் யாரிடமும் சாதி பேசவில்லை. ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வது போலச் சொன்னது. தலித் வீட்டில் முதல் பட்டதாரிக்கு அப்படி ஒரு மாமா இல்லை. நான் 'சாதி மூலதனம்' என்று பேசும்போது சிலர் நிலத்தையும் கோயிலையும் மட்டும் நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட வாக்கியங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தோழர்களே. இவற்றுக்குப் பத்திரப்பதிவு கிடையாது, வரியும் கிடையாது, ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் தங்கச்சிக்கு அந்த வாக்கியம் ஐந்து மாதம் கழித்து, படிப்பகத்து பெஞ்சில் வைத்துத்தான் கிடைத்தது. முதலாளி எழுதினார், மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஒரு சான்றிதழின் மொழிபெயர்ப்பு குறைவாம். அதைச் சொல்லத்தான் ஐந்து மாதம்.

விதிகளை நான் ஓரளவு விரிவாகப் படித்த நாடு ஜெர்மனி, அதனால் அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். இந்தியத் திறன்பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் மொழி படித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே திறன்பணியாளருக்கான விரைவு நடைமுறை என்று ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. குடியிருப்புச் சட்டம் 81அ. தொழிலாளியிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டு முதலாளி தன் ஊரில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 411 யூரோ. அங்கே முன் ஒப்புதல் கிடைத்துவிட்டால், தூதரகம் 3 வாரத்துக்குள் நேர்காணலுக்கு நாள் ஒதுக்க வேண்டும், முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த பிறகு பொதுவாக 3 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொழிலாளி இங்கிருந்து இதைக் கேட்க முடியாது, முதலாளிதான் கேட்க முடியும். அதனால் நேர்காணலில் சம்பளம் பேசும்போதே இதையும் பேச வேண்டும். 'விரைவு நடைமுறையில் போடுவீர்களா?' என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். உங்கள் உழைப்பு அவர்களுக்குத் தேவைப்படுகிறது, தர்மத்துக்கு யாரும் உங்களைக் கூப்பிடவில்லை.

அந்த வழியில் போகாமல், வழக்கமான வழியில் விண்ணப்பித்து, போதிய காரணம் இல்லாமல் 3 மாதம் ஆகியும் முடிவு வரவில்லையென்றால், ஜெர்மனியின் நிர்வாக நீதிமன்றத்தில் செயல்படாமைக்கு எதிரான வழக்கு போடலாம். நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 75வது பிரிவு. செலவு உண்டு, எடுத்த எடுப்பில் செய்கிற காரியம் இல்லை. ஆனால் அப்படி ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்து எழுதுகிற கடிதத்துக்கும் தெரியாமல் எழுதுகிற கடிதத்துக்கும் குரல் வேறாக இருக்கும். இன்னொன்று, விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கிற பழைய முறையை 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி எடுத்துவிட்டது. இப்போது ஒன்று நீதிமன்றம், இல்லையென்றால் புதிய விண்ணப்பம். பழைய யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கனடாவிலும் இதைப் போல, நாம் மேண்டமஸ் என்கிற கட்டளையுறுத்தும் நீதிப்பேராணையை அந்த நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கேட்க வழி இருக்கிறது. கவனித்தீர்களா, எல்லாக் கதவுகளும் அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. வாசலில் நிற்கிற நம் பக்கத்தில் கைப்பிடி இல்லை. உள்ளே ஒருவர் வேண்டும்.

அடுத்து பெயர். இதைக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் இயக்கத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு எல்லோரும் நிற்கிறோமே, அதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது. இந்தியாவின் பல மாநிலங்களில் பெயரைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடும். இங்கே அது அவ்வளவு எளிதில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் விசா விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு 1929 தெரியாது.

என்ன ஆகிறது? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மு. செல்வி'. ஆதாரில் 'செல்வி முத்து'. நர்சிங் பதிவில் 'செல்வி எம்'. பாஸ்போர்ட்டில் வெறும் 'செல்வி', குடும்பப் பெயர் கட்டம் காலி. நமக்கு இது ஒரே ஆள். ஆவணம் சரிபார்க்கிற ஊழியருக்கு இது நான்கு ஆள். அவர் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு அந்தப் பெயரையே குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைப் போட்டுவிடுவார்கள். பெற்ற தாய் வைத்த பெயர் இருக்கும்போதே தெரியவில்லை என்று ஒரு முத்திரை. எமிரேட்ஸ் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தபோது நம்மூர்க்காரர்கள் எத்தனை பேர் தவித்தார்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

இதற்குத் தீர்வு என்று ஒரு டிராவல்ஸ்காரர் ஒரு பையனிடம், 'உங்க சாதிப் பட்டத்தையே குடும்பப் பெயரா போட்டுருங்க தம்பி' என்று சொல்லியிருக்கிறார். வேண்டவே வேண்டாம். அப்பா பெயரையோ அம்மா பெயரையோ விரித்து அந்தக் கட்டத்தில் போடுங்கள். விசாவுக்குப் போவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே பாஸ்போர்ட்டில் திருத்தி வாங்குங்கள். பழைய சான்றிதழ்களில் வேறு மாதிரி இருந்தால், எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முதல் நாளே மொழிபெயர்ப்போடு வைத்துவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள், சும்மா இருப்பார்கள். நாம் அதை மௌனம் என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

வாசலில் கேட்ட தோழருக்கு இப்போது வருகிறேன். வெளிநாடு போவது தனிமனிதத் தப்பித்தல்தானே, இயக்கத்துக்கு இதில் என்ன வேலை என்பதுதான் அவருடைய கேள்வியின் உள்ளர்த்தம். நம் ஆட்கள் கடல் தாண்டியதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது தோழர். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்ற நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்கு மண்டபம் முகாம் வழியாகப் போனார்கள். போனவர்களில் பெரும் பகுதி ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். அப்போது யாரும் தாமதம் செய்யவில்லை. கூலியாகத் தேவைப்பட்டபோது கங்காணியே வீடு தேடி வந்தான்.

நாடு விடுதலையான பிறகு என்ன ஆனது? 1950களில் பிரிட்டனுக்குப் போக விரும்பிய, எழுதப் படிக்கத் தெரியாத, கைவேலையும் தெரு வியாபாரமும் செய்த மக்களுக்கு பாஸ்போர்ட் கொடுக்க இந்திய அரசே தடை போட்டது. இவர்கள் போனால் நாட்டின் பெயர் கெட்டுவிடும் என்ற எண்ணம். இதில் சாதியும் வர்க்கமும் எப்படி வேலை செய்தன என்று வரலாற்று ஆய்வாளர் கலாத்மிகா நடராஜன் எழுதியிருக்கிறார். பாஸ்போர்ட் அன்றைக்கு உரிமை இல்லை, அரசு பார்த்துக் கொடுக்கிற சலுகை. 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில்தான் வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் சொன்னது. அந்த ஆண்டேதான் பாஸ்போர்ட் சட்டமும் வந்தது. சட்டம் வந்தபின்னும் பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு இ.சி.ஆர். என்று தனி வகை இருக்கிறது. 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றப்படக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, தேவையும்தான். ஆனால் 2018 ஜனவரியில் அவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டையில் பாஸ்போர்ட் கொடுக்கப்போவதாக மத்திய அரசு அறிவித்ததே! விமான நிலைய வரிசையில் நிற்கும்போதே இவன் படிக்காதவன் என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டுமாம். எதிர்ப்பு கிளம்பி அந்த மாதக் கடைசியிலேயே திரும்பப் பெற்றார்கள். யாருடைய தாத்தாவைப் பள்ளிக்கூடத்துக்குள் விடவில்லையோ, அவருடைய பேரனுக்கு ஆரஞ்சு அட்டை.

மலையகத் தோழர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும் என்று பேசி முடித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்கவில்லை. பிறகு தாள்களுக்காகக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு தலைமுறை காத்திருந்தது. கடைசி நாடற்றவர்களுக்காக இலங்கை 2003இல்தான் சட்டம் போட்டது. பதில் வராத தூதரகம் நமக்குப் புதிது இல்லை.

அதனால் இது இயக்கத்தின் வேலைதான் என்கிறேன். சாதியூரை விட்டு வெளியேறுவதற்கு அண்ணல் ஒருபோதும் எதிராக இருந்ததில்லை. அவரே போனவர். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். பிறகு லண்டன். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து பாதிப் படிப்பில் திரும்ப வேண்டி வந்தபோது, நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். 1920இல் அந்த அனுமதியின் பேரில் மறுபடியும் போனார். காலாவதித் தேதியை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். வேலை உத்தரவுக்குக் கெடு முடியப் போகிறது என்றால் முடிவதற்கு முன்னால் முதலாளியிடம் எழுத்தில் நீட்டிப்பு கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. வெளிநாட்டுத் தூதரகத்தை நம்மால் அசைக்க முடியாது, சரி. தமிழ்நாடு அரசை அசைக்க முடியுமே. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கென்றே 1978இலிருந்து தமிழ்நாடு அரசு ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது, அயல்நாட்டு மனிதவள நிறுவனம். இங்கே எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கை தூக்கச் சொன்னால் சங்கடமாகப் போகும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வாரம் ஒரு நாள், வேலை உத்தரவு உண்மையா, ஏஜென்ட் பதிவு பெற்றவரா, கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு மேசை போடட்டும். தொழில் தொடங்க தாட்கோ கடன் கொடுக்கிற அரசு, வேலை உறுதியாகி விசாவுக்காகக் காத்திருக்கிற ஆறு மாதத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தால் என்ன? மூன்று ரூபாய் வட்டிக்காரரின் கையில் அந்த ஆறு மாதத்தை ஏன் விட வேண்டும்? அடுத்த குறைதீர் நாளில் இந்த இரண்டு கோரிக்கையையும் எழுதிக் கொடுக்கப் போகிறோம். நம் பழைய வித்தைகள் அங்கே வேலை செய்யும்.

படிப்பகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். எந்த நாடு, என்ன வேலை, என்று விண்ணப்பித்தது, எத்தனை நாளில் பதில் வந்தது, என்ன குறை சொன்னார்கள், யார் எழுதியபோது அசைந்தது. பெயர் எழுதுவதில்லை. போய்ச் சேர்ந்தவர்கள் அங்கிருந்து வாட்ஸப்பில் சொல்வதையும் அதில் ஏற்றுகிறோம். நூற்றுக்கும் மேல் பதிவுகள் ஆகிவிட்டன. நமக்கு மாமா இல்லை, அதனால் நோட்டு. அதன் பிரதியை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒன்று தொடங்குங்கள், மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்வோம்.

தாள்களோடு வந்திருப்பவர்கள் டீ குடித்துவிட்டு அந்த ஓரத்து மேசைக்கு வாருங்கள், வரிசையாகப் பார்த்துவிடலாம். பாஸ்போர்ட்டின் அசலை என்னிடம் கொடுக்காதீர்கள், நகல் போதும்.